யாரும் போடாத யூனிஃபார்ம்

டானியலா துணி காயப்போடும் மூங்கில் கழியை உள்ளே இழுத்தாள். அது ஜன்னல் விளிம்பில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. பதினோராம் மாடிக் காற்றில் அம்மாவின் நீல யூனிஃபார்ம் சொட்டச் சொட்ட, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஆடியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தாள். கழி வந்தது. சட்டையை உருவிச் சமையலறைக் குழாயடி வாளிக்குள் திணித்து, மேலே பழைய துண்டு ஒன்றைப் போட்டு மூடினாள்.

அதன் பிறகுதான் மூச்சு வந்தது.

சற்று முன்பு ரொட்டி வாங்கக் கீழே போனபோது, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டிருந்தாள். அம்மாவின் கம்பெனிதான். முதுகில் அதே முத்திரை. ஆனால் சட்டை பச்சை.

“அக்கா, யூனிஃபார்ம் மாத்திட்டாங்களா?”

“தீபாவளிக்கு முன்னாடியே மாத்தியாச்சு லா. ஏன், வேலை வேணுமா?”

இப்போது ஜூன் மாதம். இத்தனை நாளும் வாரம் தவறாமல் அந்த நீலச் சட்டையைத் துவைத்து, பூன் லே வட்டாரம் முழுக்கத் தெரியும்படி காயப்போட்டிருக்கிறாள். இந்த வீட்டில் வேலைக்குப் போகிற தாய் ஒருத்தி இருக்கிறாள் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் சட்டைதான்.

அம்மா ரோசம்மா வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாள்கணக்காகச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். எழுந்தால் உட்லண்ட்ஸில் இருக்கும் தோழி வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். எப்போது வருவாள் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் மறுபடியும் சுவர். அப்பா ஆம்ப்ரோஸ் கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக்கோடு வந்து, அது தீர்வதற்குள் போய்விடுகிறவர். தம்பி எய்டனுக்குப் பதினோரு வயது. அவனுக்குச் சோறு, வீட்டுப்பாடம், காய்ச்சல் மருந்து, அவன் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் எல்லாமே இருபது வயது அக்காதான். பாலிடெக்னிக் வகுப்பு முடிந்ததும் பபிள் டீ கடையில் வேலைக்கு நின்றுவிட்டு வந்து, இதையும் பார்த்துக்கொள்வாள். எப்படி என்று யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

இந்த நிலையில்தான் யாரோ போன் போட்டுப் புகார் செய்துவிட்டார்கள்.

போன வாரம் குழந்தை நல அதிகாரி மிஸ் தனுஷிகா வந்து கேட்டைத் தட்டினார். “அம்மா வேலைக்குப் போயிருக்காங்க மிஸ்” என்று ஜன்னலில் ஆடிய யூனிஃபார்மைக் காட்டியே டானியலா சமாளித்து அனுப்பினாள். இன்று நான்கு மணிக்கு அவர் மறுபடியும் வருகிறார். தாயையும் பிள்ளையையும் பார்த்தே ஆகவேண்டுமாம். பார்த்துவிட்டு அவருக்குத் திருப்தியில்லை என்றால், எய்டன் இந்த வீட்டில் இருக்கமாட்டான்.

புகார் செய்தது யார் என்பதில் டானியலாவுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டு மாச்சிக்தான். அந்த மலாய்க்கார அம்மாவைத் தவிர வேறு யார் இந்தக் கேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்திருக்கிறார்கள்? ஒரு வாரமாக அவர் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்டாலும் இவள் காதில் விழாத மாதிரி லிஃப்ட்டுக்குள் போய்விடுகிறாள்.

“எய்டன், எழுந்திரு. லீவுன்னா மத்தியானம் வரைக்கும் தூங்குவியா?”

அறைக் கதவைத் தள்ளினாள்.

கட்டிலில் தம்பி இல்லை. தரையில் அம்மாவும் இல்லை. அதைவிட ஆச்சரியம், அம்மாவின் மெத்தை சுருட்டி, கயிறு கட்டி, சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்தது. அந்த மெத்தையை அம்மா சுருட்டி டானியலா பார்த்ததே கிடையாது. அலமாரியைத் திறந்தாள். எய்டனின் சட்டைகளில் பாதியைக் காணோம்.

கீழ்த்தட்டில் பாஸ்போர்ட்டுகள் மட்டும் அப்படியே இருந்தன.

அவனுக்குக் கொடுத்திருந்த பழைய போனுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று தன் போனில் தேடினாள். நீலப் புள்ளி ஒன்று லிட்டில் இந்தியாவில் நின்று துடித்துக்கொண்டிருந்தது.

*

ரயிலில் உட்கார இடம் இருந்தது. டானியலா கதவருகிலேயே நின்றாள். கிளமெண்டி தாண்டியதும் அப்பாவுக்கு அடித்தாள்.

“ஹலோ, யாரு?”

“உங்க மகதான் பா. நம்பரையும் அழிச்சிட்டீங்களா?”

“சேச்சே. புது போன் மா. சொல்லு.”

“எய்டன் உங்ககூட இருக்கானா?”

“என்கூடயா? நான் லாரி ஓட்டிக்கிட்டு இருக்கேன். ஏன், காணோமா?”

“அம்மாவும் இல்ல. அவன் துணியும் இல்ல.”

அந்தப் பக்கம் இண்டிகேட்டர் சத்தம் டிக் டிக்கென்று கேட்டது. ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமினார்.

“உங்கம்மா நேத்து எனக்குப் போன் பண்ணா.”

டானியலா கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் பேசி இரண்டு வருஷம் இருக்கும். கிறிஸ்துமஸ் கேக்கைக்கூட டானியலா கையில்தான் அவர் கொடுப்பார்.

“என்ன சொன்னாங்க?”

“தம்பி விஷயமா ஒரு கையெழுத்து வேணும், கேட்டா வந்து போடுவியான்னா. சரின்னேன்.”

“என்ன கையெழுத்து பா?”

“கேக்கல.”

“கேக்கலையா?”

“கேட்டா நான் வரணும்ல, டானி. பேசணும், சண்டை வரும். எதுக்கு? கையெழுத்துதானே.” குரல் கொஞ்சம் இறங்கியது. “நீ இருக்க இல்ல. பாத்துக்கோ மா.”

போனை வைத்துவிட்டார். கேட்டால் வரவேண்டுமே என்பதற்காகக் கேட்காமல் இருக்கிற மனுஷன். அவர்மேல் கோபம் வரவில்லை. கோபத்துக்கு இப்போது நேரமில்லை.

துணியைக் காணோம். அப்பாவிடம் கையெழுத்து கேட்டிருக்கிறாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றியது. அம்மா எய்டனைக் கூட்டிக்கொண்டு எங்கேயோ போகப்போகிறாள். உட்லண்ட்ஸ் தோழிக்கு எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜொகூரில் அக்கா இருக்கிறாள். பாலத்தைத் தாண்டிவிட்டால் பிறகு யாரைப் போய்க் கேட்பது?

ஆனால் ஓடிப்போகிறவள் எதற்காக மெத்தையைச் சுருட்டி வைக்கிறாள்? பாஸ்போர்ட் அலமாரியில் அப்படியே இருந்ததே. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவளுக்கு ஓட எங்கிருந்து திடீரென்று தெம்பு வந்தது?

ஒன்றோடு ஒன்று ஒட்டவே இல்லை. ஊட்ரமில் ரயில் மாறும்போது வழக்கமாகப் போகிற பாதையைவிட்டு எதிர்ப்பக்கம் நடந்துவிட்டு, பாதி தூரம் போன பிறகு திரும்பி ஓடினாள்.

*

லிட்டில் இந்தியாவின் தேக்கா உணவுக்கடைகளில் மத்தியானக் கூட்டம் கலையத் தொடங்கியிருந்தது. நீலப் புள்ளி இங்கேதான் காட்டியது. டானியலா வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

“கா!”

கடைசி வரிசையில் எய்டன் கையை ஆட்டினான். முன்னால் பிரியாணித் தட்டு. வாய் நிறையச் சோறு. எதிரே ரோசம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஈஸ்டர் பூசைக்கு மட்டும் எடுக்கிற சுடிதார். தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னி, முகத்துக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தாள். தனக்கென்று எதுவும் வாங்காமல் மகன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டா போன் எடுக்கல?”

“சைலண்ட்ல இருந்துச்சு. கா, அம்மா எனக்கு ரெண்டாவது கோழித்துண்டும் வாங்கிக் கொடுத்தாங்க. உண்மையான அம்மாதானான்னு தொட்டுப் பாத்தேன்.”

“பாத்துட்டு என்ன முடிவு பண்ண?”

“உண்மைதான். கிள்ளுனாங்க.”

டானியலாவுக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. நாற்காலியின் பின்னால் தொங்கிய பெரிய பையைப் பார்த்தாள். எய்டனின் சட்டைகள் மடித்து அடுக்கியிருந்தன. புதுப் பனியன்கள், துண்டு, மூடி போட்ட சோப்பு டப்பா ஒன்று, மேலாக ஒரு சிவப்பு நூல் கண்டு.

“இதெல்லாம் என்ன மா?”

“தம்பிக்கு.”

“தம்பிக்குன்னு தெரியுது. எதுக்கு?”

“பனியன் எல்லாம் ஓட்டை.” ரோசம்மா நூல் கண்டை எடுத்துப் பையின் அடியில் தள்ளினாள். “நீ சாப்பிட்டியா?”

இந்தக் கேள்வியை அம்மா கடைசியாக எப்போது கேட்டாள் என்று டானியலா யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

“எங்க கூட்டிட்டுப் போகப் போறீங்க அவனை?”

“வீட்டுக்கு. நாலு மணிக்கு அந்த மேடம் வராங்க இல்ல?”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சுவரைப் பாத்துப் படுத்திருந்தா காது கேக்காதா?” ரோசம்மா தண்ணீர் போத்தலை மகன் பக்கம் நகர்த்தினாள். “மெதுவா தின்னுடா. மடத்துல இப்படி அள்ளிப் போட்டா சிஸ்டர் கையிலேயே ஒண்ணு வைப்பாங்க.”

மடத்துக் கதை. அம்மா வாய் திறந்து பேசுகிற அபூர்வமான நாள்களில் அந்த ஒரே கதைதான். தூத்துக்குடிப் பக்கம் கன்னியர் மடத்து விடுதியில் வளர்ந்தவள் அவள். மணி அடித்தால் சோறு, மணி அடித்தால் படிப்பு, மணி அடித்தால் தூக்கம். மற்றவர்கள் தங்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவள் அந்த மடத்தைப் பற்றிப் பேசுவாள்.

டானியலா பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அது தன்னிடம் இருக்கும் வரை யாரும் பாலத்தைத் தாண்ட முடியாது.

திரும்பும் ரயிலில் தம்பியின் காதருகே குனிந்தாள். “மிஸ் கேட்டா, அம்மா தினமும் சமைக்கிறாங்கன்னு சொல்லணும். சரியா?”

“என்ன சமைக்கிறாங்கன்னு கேட்டா?”

“ரசம்.”

“தினமுமா? பாவம் கா நானு.”

எதிர் இருக்கையில் ரோசம்மா இருவரையும் பார்த்தபடி இருந்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று டானியலாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

*

மிஸ் தனுஷிகா நேரத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றி, கேட்டுக்கு வெளியே ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். ரோசம்மா வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எய்டன் தலையை வாரிக்கொண்டு, பூசையில் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பையன் மாதிரி கைகட்டி நின்றான்.

“ரிலாக்ஸ் எய்டன். நான் உங்க பிரின்சிபல் இல்ல.” தனுஷிகா சிரித்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார். “போன தடவை அங்க ஒரு ப்ளூ யூனிஃபார்ம் இருந்துது இல்லையா?”

ரயிலில் வரும்போதே டானியலா இதற்குப் பதில் தயார் செய்திருந்தாள்.

“அது பழைய கம்பெனி மிஸ். அம்மா இப்ப வேற இடத்துக்கு மாறிட்டாங்க. ஆஃபீஸ் கிளீனிங். மார்னிங் ஷிஃப்ட். ஈவினிங் வந்து சமைச்சிடுவாங்க.”

“ஓகே. எந்த ஏரியா?”

“ஆங் மோ கியோ.”

வாயில் தானாக வந்த ஊர். தனுஷிகா தலையசைத்தார். நம்பிவிட்டார் போலத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இதே மாதிரி போனால் போதும்.

“இல்ல மேடம்.”

எல்லாரும் ரோசம்மாவைப் பார்த்தார்கள்.

“அவ சொல்றது உண்மை இல்ல. நான் எந்த வேலைக்கும் போகல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“மா,” என்றாள் டானியலா.

“அந்த யூனிஃபார்மை அவதான் வாரா வாரம் துவைச்சுக் காயப்போடுவா. நான் போடவே இல்ல, அழுக்கே இல்ல, ஆனாலும் துவைப்பா. சோப்பு போட்டுத் தேய்ப்பா. நான் படுத்துக்கிட்டே பாப்பேன்.” ரோசம்மா தன் கைகளைப் பார்த்துப் பேசினாள். “இப்ப வாளியில இருக்கு. துண்டு போட்டு மூடி வச்சிருக்கா. ரசமும் நான் வைக்கிறதில்ல மேடம். இந்த வீட்டுல அடுப்பு பத்த வைக்கிறது அவ ஒருத்திதான்.”

தனுஷிகா பேனாவைக்கூட எடுக்கவில்லை.

“சொன்னதுக்கு நன்றி அக்கா,” என்றார் கடைசியில். “நான் எய்டனோட கொஞ்சம் தனியா பேசலாமா?”

எய்டன் அக்காவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது.

*

சமையலறையில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். டானியலா குழாயைத் திறந்துவிட்டாள், பேச்சு அறைவரை கேட்காமல் இருக்க.

“ஏன் மா இப்படிப் பண்ணீங்க?”

ரோசம்மா பையை மகளின் தோளிலிருந்து மெல்லக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

“ஒரே ஒரு நாள். ஒரு மணி நேரம் அம்மா மாதிரி உக்காந்திருக்கக் கூடாதா? நான் எல்லாத்தையும் சரி பண்ணி வச்சேன். அவங்க நம்பிட்டாங்க. இப்ப அவனைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. புரியுதா உங்களுக்கு? எங்கேயோ ஒரு இல்லத்துல, யாரோ பையனுங்ககூட…”

“மூணு வேளை சோறு போடுவாங்க.”

“இங்க நான் போடல?”

“போட்ட. நீ சாப்பிட்டியான்னு யார் பாத்தா?”

ரோசம்மா பையிலிருந்து எய்டனின் பள்ளிச் சட்டை ஒன்றை எடுத்தாள். காலரில் ஊசி குத்தியபடி இருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள். தையல் கோணவில்லை.

சிவப்பு நூல். காலரின் உள்பக்கம் சின்ன எழுத்தில் அவன் பெயர். ‘எய்ட’ வரை முடிந்திருந்தது. பையிலிருந்த மற்ற சட்டைகளை டானியலா புரட்டினாள். எல்லாவற்றிலும் அதே சிவப்பில் அதே பெயர். புதுப் பனியன்களில் இன்னும் தைக்கவில்லை.

மடத்துக் கதையில் இதுவும் உண்டு. விடுதிக்குப் போகிற பிள்ளைகளின் உடுப்பில் சிவப்பு நூலால் பெயர் தைத்துத்தான் அனுப்பவேண்டும். அம்மாவுக்குத் தைத்துக்கொடுக்க ஆள் இல்லாமல், ஒரு சிஸ்டர் மடியில் போட்டுத் தைத்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அம்மா சிரிப்பாள்.

சோப்பு டப்பா. துண்டு. அப்பாவிடம் கேட்ட கையெழுத்து. ஜொகூரும் இல்லை, பாலமும் இல்லை. அதிகாரி முடிவு சொல்வதற்கு முன்பே, விடுதிக்குப் போகிற பிள்ளைக்குப் பெட்டி கட்டுகிறாள்.

“அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லல,” என்றாள் டானியலா மெதுவாக. “அதுக்குள்ள நீங்க எப்படி…”

ரோசம்மா கடைசி எழுத்தின் புள்ளியை வைத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“மாச்சிக்கோட பேசு டானி. பாவம், ஒரு வாரமா உன் முகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அவங்க ஒண்ணும் பண்ணல.”

குழாய்த் தண்ணீர் வாளியில் விழுந்து, மூடியிருந்த துண்டு மிதந்து விலகியது. அடியிலிருந்து நீலச் சட்டை மேலே வந்தது.

“போன் பண்ணது நீங்களா?”

ரோசம்மா சட்டையை மடித்தாள். காலர் மேலே தெரியும்படி மடித்து, உள்ளங்கையால் தடவினாள்.

“‘புள்ளைய நான் பாத்துக்கல, சின்னதுல இருந்தே பாத்துக்கல, வந்து பாருங்க’ன்னேன். பேரு கேட்டாங்க, உன் பேரைச் சொன்னேன். வயசு கேட்டாங்க. இருபதுன்னேன். ‘இருபதா?’ன்னு திருப்பிக் கேட்டாங்க.”

மகளின் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

“அப்புறம்தான் தம்பி பேரைச் சொன்னேன்.”